பெண்களைப் போர்முனைப் பிரிவுகளில் சேர்க்கும்போது சிக்கல் எங்கே வருகிறது?

'உடல்வலு போதாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கனடா 1989-இல் நீர்மூழ்கிகள் தவிர மற்ற போர்ப்பணிகளைத் திறந்தது. அமெரிக்கா 2015 டிசம்பரில் எல்லாவற்றையும் திறப்பதாக அறிவித்தது. தேர்வு இருபாலருக்கும் ஒன்றாக, வேலையை ஒட்டியே இருக்க வேண்டும்: காயம்பட்டவரை இழுப்பது, குண்டுப்பெட்டி தூக்குவது, சுமையோடு நடப்பது. தண்டால் எண்ணிக்கை இதைச் சொல்லாது.

பலரைப் பாதியில் வெளியேற்றுவது காயம்தான். கணுக்காலுக்கு மேலுள்ள முன்கால் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் மயிரிழை விரிசல் விழும். சுமையைத் திடீரென ஏற்றுவதும், நெட்டையானவரின் எட்டுக்கு ஈடுகொடுத்துக் காலை நீட்டி வைப்பதும் முக்கியக் காரணங்கள். குட்டையானவரை முன்னால் விட்டு நடையின் வேகத்தை அமைத்து, சுமையை வாரக்கணக்கில் கூட்டினால் ஆபத்து குறையும். இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். மாதவிடாய் நின்றுபோனால் பெரும்பாலும் சாப்பாடு உழைப்புக்குப் போதவில்லை என்று பொருள்; எலும்பு அடுத்து பலவீனமாகும்.

கவச உடை நீளமாக இருந்தால் உட்காரும்போது தகடு தொடையில் முட்டி மேலேறும். குப்புறப் படுத்துக் குறிபார்க்கையில் கொண்டை தலைக்கவசத்தைக் கண்மேல் தள்ளும். தாழ்ந்த பின்னல் போதும்.

ஒரு பிரிவில் ஒரே ஒரு பெண்ணைத் தனியாகப் போடாதீர்கள். அமெரிக்கத் தரைப்படை முதலில் பெண் அதிகாரிகளையும் அனுபவமுள்ளவர்களையும் அமர்த்திவிட்டுத்தான் புதியவர்களை அனுப்பியது.