லாபிரிந்த் பாதையில் நடந்தால் மனம் அடங்குமா? யாழ்ப்பாணத்தில் செய்து பார்க்க வழி உண்டா?

அடங்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரம் மனத்துக்கு எதையும் முடிவெடுக்கும் வேலை இருக்காது. கண்ணை மூடி உட்கார்ந்தால் கரண்ட் பில், மச்சாளின் கலியாணவீடு என்று ஓடுகிற மனம், கால் நடக்கும்போது அவ்வளவு தூரம் ஓடுவதில்லை. எனக்குக் கிடைத்த பலன் அதுதான். அதற்கு மேல் காட்சி, ஒளி என்று யாராவது சொன்னால் எனக்குத் தெரியாது.

பூங்காக்களில் செடியை ஆளுயரத்துக்கு வளர்த்து வழி தவற வைப்பார்களே, அது வேறு. லாபிரிந்த் என்பது தரையில் வளைந்து வளைந்து போகிற ஒரே பாதைதான், முட்டுச்சந்து கிடையாது. நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்குப் போவீர்கள், அதே வழியால் திரும்பி வருவீர்கள். பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்த பாதைக்கு 11 சுற்று. விட்டம் 13 மீட்டர் அளவுதான், ஆனால் நடுவரை நடந்தால் 260 மீட்டர் வந்துவிடும். வெள்ளைக்காரர் சரக்கு என்றும் ஒதுக்க வேண்டாம். ஹளேபீட்டில் 12ஆம் நூற்றாண்டு ஹொய்சளேசுவரர் கோயில் சிற்பத்தில் அபிமன்யு புகுந்த சக்கரவியூகம் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. தமிழகத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கல் அடுக்கிப் போட்ட, 'ஏழு சுற்றுக் கோட்டை' என்று சொல்கிற இதே மாதிரிப் பாதைகளும் உண்டு.

நம் ஊர் ஆளுக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். 25 நாள் திருவிழாவில் ஒரு விடியற்காலை வெளிவீதிக்குப் போய்ப் பாருங்கள். மணலில் உருண்டு பிரதட்டை செய்கிற ஆண்கள், விழுந்து கும்பிட்டபடியே அடி அழிக்கிற பெண்கள். எங்கே திரும்ப வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்கள் யோசிப்பதில்லை, வீதியே கூட்டிக்கொண்டு போகும். லாபிரிந்த் செய்வதும் அதைத்தான். ஒரு வித்தியாசம், வீதியில் நேராக நீண்ட தூரம் போகலாம், அதனால் கண் கச்சான் கடைக்கும் தெரிந்த முகத்துக்கும் தாவிவிடும். லாபிரிந்தில் அடிக்கடி வளைவு வரும், கண்ணைத் தரையிலிருந்து எடுக்க முடியாது.

எங்கள் வளவில், கிணற்றடிக்கு அப்பால் உள்ள வெறும் மணலில் ஏழு சுற்றுப் பாதை ஒன்று போட்டோம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு இடைவெளியிலும் L மாதிரி ஒவ்வொரு மடக்குக் கோடு, மடக்கின் மூலை குறியின் நடுவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மடக்கின் வாய்க்குள்ளும் ஒரு புள்ளி. இனிக் கூட்டல் குறியின் மேல் நுனியை வலப்பக்கத்தில் முதலாவதாக உள்ள நுனியோடு வளைத்துச் சேருங்கள். பிறகு இடப்பக்கத்து அடுத்த நுனியை, போட்ட வளைவுக்கு மேலால், வலப்பக்கத்து அடுத்த நுனியோடு. புள்ளியும் ஒரு நுனிதான். இப்படி 8 வளைவு போட்டால் முடிந்தது. பாதை ஒன்றரை அடி அகலம் என்றால் மொத்தம் 24 அடி இடம் போதும். கோட்டுக்குப் பழைய ஓட்டுத் துண்டுகளை அடுக்கினோம். வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஐயா, "என்ன பிள்ளை, வெங்காயத்துக்குப் பாத்தி கட்டுறியளோ?" என்றார். அவருக்கு விளங்கப்படுத்துவதைவிடப் பாதை போடுவது சுகம்.

நடக்கும்போதுதான் அதன் குசும்பு தெரியும். நுழைந்ததும், வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவது சுற்றில் விடும், பிறகு இரண்டு, ஒன்று என்று வெளியே தள்ளும். அப்புறம் நாலு, அங்கிருந்து ஒரேயடியாக ஏழு. நடு பக்கத்திலேயே இருக்கும், காலைத் தூக்கி வைத்தால் போய்விடலாம். ஆனால் பாதை ஆறு, ஐந்து என்று திரும்பவும் விலகிப் போய், அதற்குப் பிறகுதான் நடுவில் விடும். அந்த ஏழாவது சுற்றில் எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன எரிச்சல் வரும். எனக்கு முக்கியமே அந்த இடம்தான். எரிச்சல் வந்ததைக் கண்டுகொண்டு, கோட்டைத் தாண்டாமல் நடந்தால் சரி.

சிலர் ஒரு கேள்வியோடு நுழையச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, கேள்வி வளர்ந்துகொண்டே போகிறது. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளின் வாக்கு ஒன்று அவருடைய சீடர் யோகர் சுவாமிகள் வழியாக நம் வீடுகள் வரை வந்திருக்கிறதே, "எப்பவோ முடிந்த காரியம்" என்று. அதைத்தான் அடிக்கு ஒரு சொல்லாக வைத்து நடக்கிறேன். சைவக்காரர் 'நமசிவாய', வேதக்காரர் செபமாலை, எதுவும் பொருந்தும்.

வெறுங்காலோடு, வெயில் ஏற முன்னம் அல்லது பின்னேரம் நடவுங்கள், பங்குனி, சித்திரை மத்தியானத்தில் மணல் கொதிக்கும். நடக்கப் போகுமுன் நெருஞ்சி முள்ளைக் கூட்டி ஒதுக்குங்கள். பிள்ளைகள் உள்ளே ஓடினால் விடுங்கள், அவர்கள் வேகம் அவர்களுக்கு. தலைச்சுற்று உள்ளவர்களுக்கு அடுக்கடுக்கான திருப்பம் சரிவராது. முழங்கால் வருத்தம் உள்ளவர்களும் சுளகில் மணலைப் பரப்பி, அதே வடிவத்தைச் சின்னதாக அழுத்தி, விரலால் மெல்லப் போய் வரலாம். என் அம்மம்மா விறாந்தையில் இருந்து அப்படித்தான் செய்கிறா, எங்களைவிட நிதானமாக.