படத்தில் என் வாழ்க்கை, டைட்டிலில் என் பெயர் இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: 1996 முதல் 1999 வரை சென்னையில் ஒரு ராக் குழுவில் பாடினேன், கிட்டாரும் வாசித்தேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திரைக்கதையாசிரியர் ‘தகவல் சேகரிக்கிறேன்’ என்று வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. அடுத்த மாதம் ஓடிடியில் வரப்போகும் இசைப்படத்தின் டிரெய்லரில், அறுந்த கிட்டார் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நாயகி பாடுகிறாள். மேடையில் நான் செய்தது அது. 1997இல் நாங்கள் கேசட்டில் பதிந்த பாட்டின் பல்லவி மெட்டும் ஒலிக்கிறது. அவரிடம் நம்பிச் சொன்ன என் மனநல சிகிச்சையும் காட்சியாகிவிட்டது. என் பெயர் எங்கும் இல்லை. (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் கடிதத்தில் வாழ்க்கை, பாட்டு, அந்தரங்கம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. சட்டத்தில் மூன்றுக்கும் வழி வேறு. ‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்று ஆரம்பித்தால், இருப்பதிலேயே பலவீனமான வாதத்தை முன்னால் நிறுத்துகிறீர்கள்.

நடந்த சம்பவங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. கருவும் கதைப்போக்கும் வரலாற்று உண்மையும் யாருக்கும் தனிச்சொத்து அல்ல என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ராக் இசைப்படங்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. 1979இல் வந்த ‘தி ரோஸ்’ முதலில் அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் கதையாகத்தான் திட்டமிடப்பட்டது. குடும்பத்தார் உரிமை தர மறுத்ததும் கற்பனைப் பாடகி ஒருத்தியின் கதையாக மாற்றி எடுத்தார்கள். ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ (2006) படத்தில் இசை நிறுவன முதலாளி செய்யும் முறைகேடுகளைப் பார்த்தவர்கள் மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் நிறுவனர் பெரி கோர்டியை நினைத்துக்கொண்டார்கள். 2007இல் தயாரிப்பு நிறுவனங்கள் பத்திரிகை விளம்பரம் கொடுத்து அவரிடமும் மோட்டவுனிடமும் மன்னிப்புக் கேட்டன. எந்தத் தீர்ப்பும் அவர்களைக் கேட்க வைக்கவில்லை. பெயர் போடாத பாத்திரமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வந்த மன்னிப்பு அது.

உங்கள் பலம் பாட்டில் இருக்கிறது. ஆனால் மெட்டு யாருடையது? சட்டப்படி மெட்டு அமைத்தவர் இசைக்கு ஆசிரியர், எழுதியவர் வரிகளுக்கு ஆசிரியர். வரிகள் மட்டும் உங்களுடையவை, மெட்டு உங்கள் குழுவில் இன்னொருவருடையது என்றால், அவரை இப்போதே தேடிப் பிடியுங்கள். மெட்டுக்கான வழக்கை அவர்தான் தொடுக்க முடியும். இருவரும் சேர்ந்து அமைத்ததானால் கூட்டு ஆசிரியர்கள். மெட்டு உங்களுடையது என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி ஆசிரியராக அறியப்படும் உரிமையும் உங்களுடையது, பாட்டை யாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும்கூட. பலர் இதோடு நிகழ்த்துநர் உரிமையையும் (பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தம் நிகழ்ச்சிமேல் உள்ள உரிமை) சேர்த்துக் கேட்டுக் குழப்புகிறார்கள். 1997இல் நீங்கள் பாடியதற்கு அந்த உரிமை 2047 முடிய உண்டு, ஆனால் படத்தில் ஒலிப்பது உங்கள் பதிவாக இருக்க வேண்டும். வேறொருவர் மறுபடி பாடியிருந்தால் அது பொருந்தாது.

கேசட்டை அடிக்கடி ஓடவிடாதீர்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டால் தவறிக்கூட மேலே வேறு பதிவு ஏறாது. ஒரு ஸ்டூடியோவில் ஒரே தடவை டிஜிட்டலாக மாற்றி, மூலக் கேசட்டைப் பத்திரப்படுத்துங்கள். டிரெய்லரையும் திரைக்கதையாசிரியரின் வாட்ஸ்அப் செய்திகளையும் அவர்கள் நீக்குவதற்கு முன் சேமியுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு டிஜிட்டல் ஆதாரங்களுக்குக் கேட்கும் சான்றிதழில் நீங்கள் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) வேண்டும். இது இல்லாமல் போய் நல்ல ஆதாரங்கள் வீணாவது உண்டு. பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான் என்றாலும், பதிவு வரட்டும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை.

சிகிச்சை விஷயம் இதைவிட முக்கியம். ஆட்டோ சங்கர் வழக்கு என்று அறியப்படும் ஆர். ராஜகோபால் வழக்கில் (1994), பொது ஆவணங்களில் இல்லாத தனிவாழ்க்கையைச் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நம்பிச் சொன்னதை வெளியிட்டதற்கு நம்பிக்கை மீறல் என்றும் தனியாகக் கேட்கலாம். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். டைட்டிலில் உங்கள் பெயர் வந்துவிட்டால், மருத்துவமனைக் காட்சியும் உங்களுடையதுதான் என்று ஊரே முடிவு செய்யும். பெயரும் வேண்டும், அந்தரங்கமும் வேண்டும் என்றால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். என் யோசனை: பாட்டுக்கு மட்டும் பெயர் கேளுங்கள், மருத்துவமனைக் காட்சியை நீக்கச் சொல்லுங்கள், ‘இவரது வாழ்க்கையின் உந்துதலில்’ என்ற வரியைக் கேட்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். தயாரிப்பாளர், இயக்குநர், ஓடிடி நிறுவனம், ஆடியோ நிறுவனம் நால்வருக்கும் அனுப்புங்கள். டிரெய்லரில் எந்த நிமிடம், எந்த நொடி, கேசட்டில் எந்த இடம் என்று பக்கத்தில் பக்கத்தில் அட்டவணை போடுங்கள். பெயர் ஓடிடி, டப்பிங், ஆல்பம் எல்லா வடிவிலும் வர வேண்டும் என்று எழுதுங்கள். ஏழு நாள் கெடு போதும். பதில் வராவிட்டால் இடைக்காலத் தடை மனு. தயாரிப்பாளர் மும்பையில் இருந்தாலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே பதிப்புரிமை வழக்குத் தொடரலாம். அவசரத் தடை கேட்பதால் வழக்குக்கு முந்தைய மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டியதில்லை. வெளியீட்டுக்கு முந்தின நாள் வந்து நிற்பவர்களை நீதிமன்றங்கள் கடிந்துகொள்கின்றன. 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படி வந்தவருக்கு வழக்குச் செலவே விதித்தது.

நோட்டீஸ் போகும்வரை முகநூலில் எதுவும் எழுதாதீர்கள். ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்கு மிரட்டல் விடுத்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி அவர்களே உங்கள்மேல் வழக்குப் போடலாம். சமரசத்துக்கு வந்து ‘வாழ்க்கை உரிமை ஒப்பந்தம்’ நீட்டினால், எப்படிச் சித்திரித்தாலும் ஆட்சேபிக்க மாட்டேன் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.