ஸ்ட்ராட் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப்பை மாற்ற எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் ஸ்ட்ராட்டில் (ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டார்) பிரிட்ஜ் பிக்கப், அதாவது கம்பிகள் ஊன்றும் பிரிட்ஜின் அருகே இருந்து அவற்றின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச்சுருள், காதைக் குத்துகிறது, ஆம்ப்பில் கெயின் (சிக்னலின் பெருக்கம்) ஏற்றினால் இரைச்சலும் வருகிறது என்கிறீர்கள். சரி, காசு செலவழிக்கும் முன் பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் இறக்கி வாசித்துப் பாருங்கள். அப்புறம், பல ஸ்ட்ராட்களில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே இணைந்திருக்காது, அந்த ஒரு ஒயரை மாற்றினாலே குத்தல் நன்றாகக் குறையும்.

இரைச்சல் வேறு விஷயம். சிங்கிள் காயில், அதாவது ஒரே கம்பிச்சுருள் உள்ள பிக்கப் என்றால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மை (ரீங்காரத்தை) இழுக்கத்தான் செய்யும். அதை ஒழிக்கத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு காயில்கள், சுற்றும் எதிர், காந்த துருவமும் எதிர், அதனால் ஹம் ஒன்றையொன்று அடித்துவிட்டு கம்பியின் ஒலி மட்டும் கூடி வரும். வழக்கமான ஹம்பக்கர் அகலமானது, அதற்காக மரத்தைக் குடைய மனமில்லை என்றால் சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது, உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

காந்தத்தில் அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) 2 மென்மை, அல்னிகோ 5 பளிச்சென்று இருக்கும், செராமிக் இன்னும் முரடு. பிக்கப்பின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மெல்லிய கம்பி சுற்றினாலே அது ஏறிவிடும். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் மின்தடை) போடுவதுதான் வழக்கம், ஆனால் உங்கள் கிட்டாரில் 250 இருந்தால் அப்படியே விடுங்கள், கீச்சொலியை அது இன்னும் கொஞ்சம் அடக்கும்.