கீமோவுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்: ஆண்களின் கருவளமும் ஸ்டெம் செல்லும் – கேள்வி பதில்

விந்தணுக்களை உறைய வைக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவன் நான். மருத்துவர் அல்ல. அதனால் மருந்து எழுதித் தர மாட்டேன். செல்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு எட்டு வயது. எலும்பில் ஈவிங் சார்கோமா என்ற புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. பின்னாளில் அவனுக்குக் குழந்தை பிறக்குமா என்று டாக்டரிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பிள்ளை பிழைத்தால் போதாதா என்கிறார் மாமியார்.

கேளுங்கள் அம்மா, நாளைக்கே கேளுங்கள். இப்போது குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள் அதிகம். உங்கள் மகனும் இருபத்தைந்து வயது ஆளாக நிற்கப்போகிறான் என்று வைத்துத்தான் பேச வேண்டும்.

ஈவிங் சார்கோமா சிகிச்சையில் சைக்ளோபாஸ்பமைடு, ஐபோஸ்பமைடு போன்ற மருந்துகள் வரும். விதைக்குள் (விதைப்பையில் உள்ள விரைக்குள்) இருக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது விந்தணுவுக்கு மூலமான செல்களை, அதிகம் பதம் பார்ப்பவை இந்த வகை மருந்துகள்தான். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்து பாதிப்பு கூடும், குறையும். எட்டு வயதில் விந்தணு உற்பத்தி தொடங்கியிருக்காது, உறைய வைக்க விந்து கிடையாது. ஆனால் பின்னாளில் விந்தணுவாக மாறப்போகிற ஸ்டெம் செல்கள் பிறந்ததிலிருந்தே அங்கே இருக்கின்றன. ஆகவே மயக்க மருந்து கொடுத்து, விதையிலிருந்து சிறு துண்டு எடுத்து, அதை அரிசிமணி அளவுக்கும் சிறிதாக நறுக்கி, உறைபாதுகாப்புத் திரவத்தில் ஊறவைத்து, மெல்ல மெல்லக் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறோம். கீமோ மருந்து ஏற்ற நெஞ்சில் போர்ட் என்ற சிறு கருவியை வைக்கும்போதே இதையும் செய்துவிடுவது உண்டு. அப்படியென்றால் இன்னொரு முறை மயக்கம் தேவையில்லை.

இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. எல்லா ஊரிலும் கிடைக்காது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதலோடு செய்யும் இடமாகப் பாருங்கள். இதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மாமியார் சொல்வது சரி.

அப்படி எடுத்து வைத்ததைத் திருப்பி வைத்து யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா?

குரங்குக்குப் பிறந்திருக்கிறது. பருவமடையாத ரீசஸ் ஆண் குரங்குகளின் விதைத் திசுவை உறைய வைத்து, சில மாதங்கள் கழித்து அதே குரங்குகளின் முதுகுத் தோலுக்கடியிலும் விதைப்பையின் தோலுக்கடியிலும் பதித்தார்கள். அவை பருவமடைந்தபோது பதித்த திசுவுக்குள் விந்தணு உருவாகியிருந்தது. அதை எடுத்து முட்டைக்குள் செலுத்தி ஒரு பெண் குட்டி பிறந்தது. பெயர் கிரேடி. பிட்ஸ்பர்க்கின் கைல் ஆர்விக் குழுவும் ஓரிகன் குரங்கு ஆய்வு மையமும் சேர்ந்து செய்த இந்த வேலை 2019இல் சயன்ஸ் இதழில் வந்தது.

மனிதரில் இப்போதுதான் ஆரம்பம். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 2002 முதலே சிறுவர்களின் விதைத் திசுவைச் சேமித்து வருகிறார்கள். அங்கே அரிவாள் செல் ரத்தசோகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொள்ளும் முன் 2008இல் திசு கொடுத்த சிறுவன் வளர்ந்து ஆளான பிறகு, அவருடைய திசுவை அவருக்கே திருப்பிப் பதித்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே ஆண்டு, சிறுவயதில் எலும்புப் புற்றுநோய் வந்து மீண்ட ஒருவருக்கு, உறைய வைத்திருந்த அவருடைய செல்களையே அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி ஊசியால் விதைக்குள் செலுத்தியதை ஆர்விக் குழு வெளியிட்டது. இந்த வழியில் பிறந்த மனிதக் குழந்தை என்று காட்ட இன்னும் ஒருவரும் இல்லை. திசு கொடுத்த சிறுவர்கள் இப்போதுதான் தகப்பனாகும் வயதுக்கு வருகிறார்கள். இத்தனை ஆண்டு தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

திசுவாகப் பதிப்பது, செல்லாகச் செலுத்துவது, இரண்டில் எது மேல்?

திசுவாகப் பதித்தால் ஸ்டெம் செல்லோடு அதைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்களும் கூடவே வரும். ஆனால் பதித்த துண்டுக்கும் விந்து நாளத்துக்கும் தொடர்பு கிடையாது. உள்ளே விந்தணு உருவானாலும் அறுத்து எடுத்து இக்ஸி, அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை, செய்துதான் ஆக வேண்டும். செல்லாகச் செலுத்தினால் அது விதைக்குழாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டு, விந்தணு இயல்பான வழியிலேயே வெளியே வர வாய்ப்புண்டு. குறை என்னவென்றால், ஒரு சிறுவனிடம் கிடைக்கும் ஸ்டெம் செல்கள் மிகக் கொஞ்சம். வளர்ந்த ஆணின் விதைக்குழாய்களை நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். அவ்வளவு நீளத்துக்கு இந்தக் கைப்பிடி செல்கள் எந்த மூலைக்கு? ஆய்வகத்தில் பெருக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். எலியின் செல்களை 2003 முதலே ஜப்பானில் பெருக்குகிறார்கள். மனித செல் அந்த அளவுக்குப் பிடி கொடுக்கவில்லை.

உயிரியல் மாணவன் நான். விதைக்குள் இருப்பது ஸ்டெம் செல்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஸ்டெம் செல் என்றால் தன்னையும் பெருக்கிக்கொண்டு விந்தணுவையும் தர வேண்டும்; அதைச் செய்து காட்டினால்தான் நம்பலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் 1994இல் அதைச் செய்து காட்டினார். சாயம் போட்டால் நீலமாக மாறும் மரபணு உள்ள எலியின் விதைச் செல்களை எடுத்து, விந்தணு உற்பத்தி நின்றுபோன எலியின் விதைக்குள் செலுத்தினார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் வெளிறிய குழாய்களுக்கு நடுவே நீலம் நீலமாகக் குழாய்கள். அந்த எலிகளுக்குப் பிறந்த குட்டிகளில் செல் கொடுத்த எலியின் மரபணு இருந்தது. இரண்டு வருடம் கழித்து பெரிய எலியான ராட்டின் செல்லைச் சுண்டெலியில் வைத்தார்கள். சுண்டெலியின் விதையில் ராட்டின் விந்தணு! மனித செல்லை அப்படி வைத்தால் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், விந்தணு ஆகாது. பரிணாமத்தில் அவ்வளவு தூரம் போல.

என் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்கும் திசு எடுத்து வைக்கலாமா?

எடுத்து வைக்கலாம். திருப்பி வைப்பதில்தான் ஆபத்து. ரத்தப் புற்று செல்கள் விதைக்குள் பதுங்கும் பழக்கம் உள்ளவை. எலி ஆய்வு ஒன்றில் வெறும் 20 புற்று செல்களே நோயைத் திரும்பக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தது. புற்று செல்லைச் சலித்துப் பிரிக்கும் முறைகளை முயல்கிறார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை என்று உறுதி சொல்லும் நிலை வரவில்லை. உடலுக்கு வெளியே, வளர்ப்புத் தட்டிலேயே விந்தணுவாக்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. யோகஹாமாவில் ஒகாவா குழு 2011இல் எலிக்குட்டியின் விதைத் துண்டை அப்படி வளர்த்து, குட்டிகளும் பிறந்தன. உங்கள் பையனைப் போன்றவர்களுக்கு நான் எதிர்பார்ப்பது அந்த வழியைத்தான்.

24 வயது. ஹாட்கின் லிம்போமா. திங்கட்கிழமை கீமோ. ஸ்டெம் செல் சேமிக்க எவ்வளவு ஆகும் அண்ணா?

உங்களுக்கு ஸ்டெம் செல்லே வேண்டாம். விந்தை உறைய வையுங்கள், இன்றைக்கே. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். நேரமில்லை என்றால் அதைப் பார்க்காதீர்கள். முடிந்தால் நாளைக்கு இன்னொரு மாதிரியும் கொடுங்கள். உருகும்போது பாதி செத்தாலும் கவலையில்லை, இக்ஸிக்கு ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். அந்தச் சின்ன அறைக்குள் போக எல்லோருக்கும் சங்கடம்தான். வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது பழகிப்போன வேலை. அப்பா அம்மாவைக் கூட்டி வருவதைவிட நண்பனோடு வாருங்கள்.

விந்தணு பூஜ்யம் என்று ரிப்போர்ட். ஸ்டெம் செல் ஊசி போட்டால் வந்துவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். சில லட்சம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுக்கும் செல்கள் விதைக்குள் போய் விந்தணு ஸ்டெம் செல்லாக மாறுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றதெல்லாம் ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். உங்களிடம் லட்சம் வாங்கிக்கொண்டு போடுவது ஆய்வு அல்ல, வியாபாரம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோம் விடுபாடு (அதில் ஒரு துண்டு இல்லாமல் போவது) மூன்றையும் பரிசோதித்துவிடலாம். நாளம் அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா என்பது முதலில் தெரிய வேண்டும்.

கணவருக்கு கிளைன்ஃபெல்டர், அதாவது ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக எக்ஸ் எக்ஸ் ஒய். எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. மைக்ரோ டீசி என்ற அறுவையில் நுண்ணோக்கி வைத்து, கொஞ்சம் பருத்த குழாயாகத் தேடி எடுக்கிறார்கள். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. அனுபவமுள்ள கையாகப் பாருங்கள், முதல் முறை முக்கியம்.

தோலிலிருந்து விந்தணு செய்கிறார்களாமே?

தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து விந்தணு செய்வதுதான் யோசனை. எலியில் பாதி வழி. கியோட்டோவில் சைட்டோ, ஹயாஷி குழு 2011இல் எலியின் ஸ்டெம் செல்லை விந்தணுவின் முன்னோடி செல்லாக்கி, எலி விதைக்குள் வைத்து விந்தணு பெற்றது, குட்டிகளும் பிறந்தன. மனித செல்லில் சைட்டோ குழு 2024இல் விந்தணுவுக்கு வெகு முந்தைய ஒரு கட்டம் வரை கொண்டுபோயிருக்கிறது. அதற்கு அப்புறம்தான் குரோமோசோம் பாதியாகும் கட்டம், கஷ்டமே அங்கேதான். 2009இல் மனித விந்தணுவே செய்துவிட்டதாக இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து செய்தி வந்து, பிறகு அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. தலைப்புச் செய்தியை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கீமோ நேரத்தில் ஹார்மோன் ஊசி போட்டு விதையைத் தூங்க வைத்தால் தப்பிக்குமா?

ராட்டில் பலன் தெரிந்தது. ஆண்களிடம் செய்த முயற்சிகளில் தேறவில்லை.

கேள்வி கொஞ்சம் வேறு. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். விந்தணு குறையுமா, கூடுமா?

குறையும், பூஜ்யமும் ஆகலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். ஸ்டெம் செல் சாகாது, வேலை நின்றுபோகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பும். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், அதனால் அடுத்த வாரமே டெஸ்ட் எடுத்துவிட்டுப் பயப்படாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் இப்போதே நிறுத்திவிட்டு ஆண்ட்ராலஜி (ஆண் கருவள) மருத்துவரைப் பாருங்கள்.