புலியும் பயமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாய்லாந்தில் புத்தத் துறவிகள் புலி வளர்த்த கோயிலைப் பற்றிச் சின்ன வயதில் டிவியில் பார்த்திருக்கிறேன். துறவி முன்னால் நடக்க, புலி பின்னால் வரும். போன வாரம் அந்த வீடியோவைத் தேடி எடுத்து என் மகளுக்குக் காட்டினேன். "அன்பாக இருந்தால் புலிகூட மாறிவிடும், பார்" என்று சொன்னேன். அப்புறம்தான் மேலும் படித்தேன். 2016-ல் அரசாங்கம் எல்லாப் புலிகளையும் கொண்டுபோய்விட்டதாம். அதில் பாதிக்கு மேல் செத்தும்விட்டனவாம். துறவிகளிடமே விட்டிருந்தால் உயிரோடு இருந்திருக்குமே? கருணையால் விலங்கின் இயல்பு மாறும் என்பதை நீங்கள் நம்புகிறீர்களா? மயக்க மருந்து கொடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? மே மாதம் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். மகள் ஒரு குட்டியையாவது மடியில் வைத்துப் பார்க்க நல்ல இடம் உண்டா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் தாய்லாந்தின் காட்டுத் துறவிகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் ஒரு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

மயக்க மருந்து விஷயத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம். பலர் சொன்னார்கள், கோயில் மறுத்தது. புலி பகலில் பெரும்பாலும் தூங்குகிற விலங்கு. பிறந்ததிலிருந்து மனிதக் கை பட்டே வளர்ந்து, வயிறு நிறைந்து, வெயில் நேரத்தில் சங்கிலியோடு கிடக்கும் புலிக்கு மருந்து எதற்கு?

மகளிடம் நீங்கள் சொன்ன வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அந்தக் கோயில் காஞ்சனபுரி மாகாணத்தில், சாய் யோக் பகுதியில் இருக்கிறது. 1994-ல் வனக் கோயிலாகத் தொடங்கியது. காயம்பட்ட கோழி, மயில், மான், காட்டுப்பன்றி என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து விட்டவற்றை வைத்துக்கொண்டார்கள். 1999-ல் முதல் புலிக்குட்டி வந்தது, சில மாதங்களில் இறந்தது. பிறகு வேறு சில குட்டிகள் வந்தன. அதுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தாயை வேட்டைக்காரனிடம் இழந்த குட்டியைக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்தால் எந்தத் துறவி திருப்பி அனுப்புவார்? 2001-ல் அரசு அந்தப் புலிகளைத் தன் உடைமையாக்கிக்கொண்டு, வளர்க்க மட்டும் கோயிலிடமே விட்டது. இனப்பெருக்கமும் வியாபாரமும் கூடாது என்பது நிபந்தனை. அந்தக் கைப்பிடியளவு புலிகள் பதினைந்து வருடத்தில் 147 ஆயின. அனாதைக் குட்டிகள் இப்படிப் பெருகாது, எஸ். நுழைவுச் சீட்டு அப்போது 600 பாட், தாய்லாந்துப் பணம். குட்டிக்குப் பால் புகட்ட, புலியின் தலையை மடியில் வைத்துப் படமெடுக்கத் தனிக் கட்டணம்.

2016-க்கு முன்னால் நானும் அங்கே போயிருக்கிறேன். புலிக்காகப் போகவில்லை. மலேசிய நண்பர் ஒருவரின் தாத்தாவை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அந்தப் பாதையைப் பார்க்கப் போனோம். வேன் ஓட்டுநருக்கோ சுற்றுலாப் பயணி என்றால் பாலம், அருவி, புலி. கேட்காமலே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

பழைய கல்குவாரி போன்ற பள்ளம். சுற்றிலும் பாறைச் சுவர். மண்ணில் அடித்த முளையில் சங்கிலி, சங்கிலியில் புலி. சிவப்புச் சட்டை போட்டவர்களை உள்ளே விடவில்லை. ஒரு தன்னார்வலர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போவார், இன்னொருவர் உங்கள் கேமராவை வாங்கிக்கொள்வார். புலியின் முதுகுப் பக்கம் உட்கார வைத்து, கையை அதன் மேல் வைத்து, கிளிக். அடுத்த புலி. நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதுவரை ஈ மொய்க்கக் கிடந்த புலி தலையைத் தூக்கியது. குழந்தை இருந்த திசையில் இரண்டு காதும் நிமிர்ந்தன. முன்னங்கால் பாதம் மெல்ல உடம்புக்குக் கீழே மடங்கியது. ஒரு நொடியில் நான்கு பணியாளர்கள் குழந்தைக்கும் புலிக்கும் நடுவே வந்து நின்றார்கள். தாயை வெளியே அனுப்பினார்கள். புலி மறுபடி படுத்துக்கொண்டது, வரிசை நகர்ந்தது. பணியாளர் ஒருவருக்கும் அங்கே எதுவும் மாறிவிட்டதாக நம்பிக்கை இல்லை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது. நம்பியவர்கள் சீட்டு வாங்கியவர்கள் மட்டும்தான்.

இப்போது நான் படித்துக்கொண்டிருந்த விஷயம். அந்தக் கோயிலுக்கு லுவாங்தா மஹா புவாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2011-ல் 97 வயதில் மறைந்த பெரிய துறவி. 1997-ல் தாய்லாந்தின் பணம் சரிந்தபோது மக்களிடம் டன் கணக்கில் தங்கம் திரட்டி மத்திய வங்கிக்குக் கொடுத்தவர். அவருடைய ஆசிரியர் 'ஆச்சான் முன்' என்ற துறவி, காட்டில் அலைந்து தியானம் செய்யும் காட்டுமரபின் தலைமகன். மஹா புவா எழுதிய ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றில் பக்கத்துக்குப் பக்கம் புலி வரும். ஆனால் எந்தப் புலி?

அந்தக் காலத்துக் காட்டுத் துறவிகள் பிச்சைப் பாத்திரமும் கொசுவலை தொங்கும் ஒரு பெரிய குடையுமாக இன்றைய வடகிழக்குத் தாய்லாந்து, லாவோஸ், பர்மா எல்லைக் காடுகளில் அலைந்தார்கள். தூங்கி வழியும் சீடனை, தியானத்தில் மனம் நிற்காத சீடனை, குருநாதர் புலி நடமாடும் இடமாகப் பார்த்து அனுப்புவார். ராத்திரி குடைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த இளம் துறவிக்குப் பக்கத்துப் புதரில் உறுமல் கேட்கும். வேர்த்துக் கொட்டும். ஓட முடியாது. மனத்துக்குப் போக வேறு இடமில்லாததால் அது மூச்சில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மரபில் வந்த 'ஆச்சான் சோப்' என்ற துறவியைப் பற்றி ஒரு கதை உண்டு. இரவில் நடந்துகொண்டிருந்தபோது முன்னால் ஒரு புலி, பின்னால் ஒரு புலி. மெழுகுவத்தி விளக்கைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஆழ்ந்த தியானத்துக்குள் போய்விட்டார். கண் திறந்தபோது மெழுகுவத்தி எரிந்து தீர்ந்திருந்தது, புலிகள் இல்லை.

கவனியுங்கள், அவர் புலியைத் தடவிக்கொடுக்கவில்லை. அதற்குப் பெயர் வைக்கவில்லை. அது தன்னை நேசிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த மரபில் புலி துறவியிடம் பாடம் கற்றதே இல்லை. துறவிதான் புலியிடம் கற்றார், கற்றுக்கொடுத்தது பயம். பயத்தை எடுத்துவிட்டால் அங்கே பாடமே இல்லை. அப்படிப்பட்டவரின் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, உள்ளே புலியைச் சோபாவாக்கி வாடகைக்கு விட்டார்கள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. காசு வாங்கியதைக்கூட விட்டுவிடுகிறேன். கோயில் என்றால் செலவு உண்டு.

கருணை என்கிறீர்கள். பௌத்தத்தில் புலிக்குக் காட்டிய கருணைக்கென்றே ஒரு ஜாதகக் கதை இருக்கிறது. பாலி மொழித் தொகுப்பில் இல்லை, வடமொழியில் இருக்கிறது. நேபாளத்தில் நமோ புத்தா என்ற மலையை அந்தக் கதை நடந்த இடமாகக் காட்டுகிறார்கள். குட்டி ஈன்ற புலி பசி தாங்காமல் தன் குட்டிகளையே தின்னப் போகிறது. போதிசத்துவர், அதாவது முற்பிறவியில் புத்தர், பார்க்கிறார். சீடனை இரை தேட அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் மேலிருந்து தானே விழுகிறார். புலி தின்கிறது. அவ்வளவுதான் கதை. புலி மனம் திருந்தியதாக ஒரு வரி கிடையாது. இந்தக் கோயிலில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வேகவைத்த கோழி. ரத்தத்தின் சுவை தெரிந்துவிடக் கூடாதாம். புலிக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தவரைக் கும்பிட்டுக்கொண்டே, புலியிடமிருந்து ரத்தத்தை ஒளித்துவைத்தார்கள். மகளுக்குக் காட்டிய வீடியோவில் நீங்கள் பார்த்த 'மாற்றம்' அதுதான்.

சரி, அரசாங்கம். 2016 மே 30-ல் அதிகாரிகள் உள்ளே போனார்கள். இரண்டு நாளில் குளிர்ப்பெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. இறந்ததை விற்கவில்லை என்று காட்டத்தான் வைத்திருந்தோம் என்றது கோயில் தரப்பு. அப்படியானால் வெளியே போகப் பார்த்த வண்டியில் பிடிபட்ட புலித்தோல்களும் தாயத்துகளும் எதைக் காட்டுவதற்கு? கொண்டுபோன புலிகளை ராட்சபுரியில் இரண்டு அரசு மையங்களில் அடைத்தார்கள். 147-ல் 86 இறந்துவிட்டன என்று 2019 செப்டம்பரில் அறிவித்தார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ், மூச்சை அடைக்கும் குரல்வளை வாதம். ஒரே ரத்தத்துக்குள் பெருக்கியதால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அரசு கைகழுவ முடியாது. அத்தனை புலிகளை நெருக்கமான கூண்டுகளில் அடைத்தால் தொற்று பரவும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். ஆனால் 'துறவிகளிடமே விட்டிருந்தால்' என்று எழுதுகிறீர்களே, அந்தப் பலவீனமான ரத்தத்தை உண்டாக்கியது யார்? என்ன வம்சம் என்றே தெரியாமல் கலந்துவிட்டதால் காட்டில் விடவும் முடியாத புலிகளாக அவற்றை ஆக்கியது யார்? கோபப்படாமல் யோசியுங்கள்.

கோயில் இருந்த காஞ்சனபுரி மாகாணத்தின் காடுகளோடு ஒட்டிக் கிடக்கிறது ஹுவாய் கா கேங் வனவிலங்குச் சரணாலயம். அதன் தலைவராக இருந்த சுயெப் நாக்காசத்தியன், மரக்கடத்தலையும் வேட்டையையும் தடுக்க ஆளும் பணமும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 1990 செப்டம்பர் 1 அதிகாலையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். மறு வருடமே அந்தக் காடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2024 கணக்கில் தாய்லாந்தின் காட்டுப் புலிகள் 179-லிருந்து 223 வரை. அவற்றில் பெரும்பகுதி இந்த மேற்குக் காடுகளில்தான். அவற்றோடு யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை. தானியங்கிக் கேமராவில் விழுந்தால் உண்டு.

இனி உங்கள் மகளின் மடி. குட்டியைக் காடாக இருந்தால் தாய் ஒன்றரை, இரண்டு வருடம் கூடவே வைத்திருக்கும். அதுவரை அடுத்த ஈற்று இல்லை. சில வாரத்திலேயே குட்டியைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி சினைக்குத் தயாராகிவிடும், சினைக்காலம் மூன்றரை மாதம்தான். வருடம் முழுக்க மடியில் வைக்கக் குட்டி கிடைக்கிற இடங்கள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. போன வருடத்துக் குட்டி இப்போது எங்கே என்று அங்கே கேட்டுப் பாருங்கள். நான் ஒரு இடமும் சொல்லப் போவதில்லை.

காஞ்சனபுரிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அது போதும். ஊர் நடுவே நேசநாட்டுக் கைதிகளின் கல்லறைத் தோட்டம், கிட்டத்தட்ட ஏழாயிரம் கற்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ப் பல்லாயிரக்கணக்கில் மாண்ட நம் ஆட்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு கல்கூட இல்லை என்பதை மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் புரிகிற வயதாக இருந்தால். பிறகு 'நாம் தோக்' என்ற ஊர் வரை ரயிலில் போய் வாருங்கள். அவர்கள் போட்ட பாதைதான், இன்னும் ஓடுகிறது. போகும்போது இடது பக்கம் இடம் பிடித்தால் ஆறு தெரியும்.