நொட்டை சொல்வதும் பிழை சொல்வதும்

கேள்வி: அலுவலகத்தில் ஓர் அறிக்கையைப் படித்துவிட்டு மூன்று பிழைகளைச் சொன்னேன். தலைப்புகளின் எழுத்துரு ஒரே மாதிரி இல்லை, ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது, 2.5 என்று வர வேண்டிய அளவு 25 என்று இருக்கிறது. மேலாளர் 'டோன்ட் நிட்-பிக்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். அதற்கு என்ன பொருள்? நான் செய்தது தவறா?

பதில்: நிட் என்றால் ஈர், அதாவது பேனின் முட்டை. முடியின் அடியில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், தலைக்குக் குளித்தால் போகாது, ஒவ்வொன்றாக நகத்தால் உருவித்தான் எடுக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து சில்லறைக் குறைகளைப் பொறுக்குவதற்கு 1950களில் அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்க ஆரம்பித்தது. நம் பேச்சில் 'நொட்டை சொல்வது', 'நொட்டை நொள்ளை சொல்வது' என்பதுதான் இதற்குச் சரியான சொல். பேன் வருகிறதே என்று சிலர் 'பேனைப் பெருமாளாக்குவது' என்று மொழிபெயர்க்கிறார்கள், அது தப்பு. பெருமாளாக்குகிறவர் சின்னதை ஊதிப் பெரிதாக்குகிறார், நிட்-பிக் செய்கிறவரோ எதையும் ஊதுவதில்லை, சின்னதையே தேடிக்கொண்டிருப்பதில் பெரிய விஷயம் அவர் கண்ணில் படுவதே இல்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். எழுத்துருவும் காற்புள்ளியும் நொட்டைதான், அதில் மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். (எழுத்தில் வருகிற சின்னப் பிழை எப்போதும் சின்னது என்று சொல்லவில்லை. ஒற்று ஒன்று கூடினால்கூட 'வேலை கொடு' என்பது 'வேலைக் கொடு' என்றாகி, உத்தியோகம் கேட்டவன் கையில் ஈட்டி வந்துவிடும்.) ஆனால் 2.5க்குப் பதில் 25 என்பது நிட்-பிக்கிங்கே இல்லை. புள்ளி கடுகளவுதான், தப்பு பத்து மடங்கு. அதே எண் மருந்தின் அளவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குறை கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து அதை அளக்கக் கூடாது, அதை அப்படியே விட்டால் என்ன கெடும் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'நிட்-பிக்' என்று ஒரே முத்திரை குத்துவது, கேட்க விருப்பமில்லாதவர்கள் செய்கிற வேலை, எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது.

உங்கள் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டியதை மூன்றாவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுத்துரு என்று ஆரம்பித்தபோதே அவர் காதை மூடியிருப்பார். நாளைக்கே போய் அந்த எண்ணை மட்டும் காட்டுங்கள், மற்ற இரண்டையும் வாயில் எடுக்காதீர்கள்.