வீடு திரும்பிய முதல் வாரங்களில் கவனம் தேவை

கேள்வி: வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகியிருந்த என் தம்பி, மூன்று மாதங்கள் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டுச் சென்ற வாரம் வீடு திரும்பினான். “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று அடிக்கடி சொல்கிறான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அதுவே தூண்டிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: கேளுங்கள்; இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. “சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?” என்று, அவர் தனியாக இருக்கும்போது அமைதியாகக் கேட்டு, அறிவுரை சொல்லாமல் பதிலை முழுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். “அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?” என்பது போன்ற பேச்சு, ஏற்கெனவே குற்ற உணர்வில் குன்றியிருப்பவரை மேலும் வாயடைக்கச் செய்துவிடும்.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓபியாய்டு வகைப் பொருள்களை (அபின் சார்ந்த வலிநிவாரணிகள், ஹெராயின் போன்றவை) சார்ந்திருப்பவர்களிடையே தற்கொலை மரணங்கள் பொதுமக்களைவிடச் சுமார் 13 மடங்கு அதிகம் என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. போதையை நிறுத்திய பின் வரும் தூக்கமின்மை, மனச்சோர்வு, கடன், உறவுகளின் ஏச்சு எல்லாம் ஒன்றுசேர்ந்து அழுத்தும் காலம் இது. போதாக்குறைக்கு, நிறுத்தியிருந்த மாதங்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். அது தற்கொலையா விபத்தா என்று பிறகு யாராலும் பிரித்தறிய முடியாமல் போவதும் உண்டு. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

மனநல மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையோடு, போதை ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரினார்பின் போன்ற மாற்று மருந்து தேவையா என்பதையும் அவர் முடிவுசெய்வார். “அதுவும் ஒரு போதைதானே” என்று குடும்பத்தார் பாதியில் நிறுத்திவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம். அம்மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்களிடையே இறப்பு குறைவு என்பது பல நாடுகளில் உறுதியான உண்மை.

வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாதபடி வெளியே அகற்றிவிடுங்கள். சாவதற்குத் திட்டம் இருப்பதாகச் சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்; நீங்களும் பேசலாம். முயற்சி ஏதும் நடந்துவிட்டாலும் வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.